யாருக்கும் கறியில்லை

ஒரே ஒரு வாக்கியத்துக்குத் தமிழ் கிடைக்காமல் மூன்று வாரம் முழித்துக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டரின் 'தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்' என்ற சிறுகதையை ஒரு சிற்றிதழுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சமயம். கதை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்ததுதான். சிவப்புக் குல்லாய் போட்ட சிறுமி காட்டு வழியே பாட்டி வீட்டுக்குப் போகிறாள். அவளுக்கு முன்னால் போய்ப் பாட்டியைத் தின்றுவிட்டு ஓநாய் காத்திருக்கிறது. 'உன் பல் ஏன் இவ்வளவு பெரிசாக இருக்கிறது?' 'உன்னைத் தின்னத்தான்.' நாம் கேட்ட கதைகளில் எல்லாம் இந்த இடத்தில் சிறுமி அலறுவாள். கார்ட்டரின் சிறுமி வாய்விட்டுச் சிரிக்கிறாள். தான் யாருடைய 'மீட்'டும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும் என்கிறது கதை.

அந்த 'மீட்'தான் என்னை உட்கார வைத்துவிட்டது. தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே கிடையாது, அதுதான் தொல்லை. 'ஊன்' என்று எழுதினால் தேவாரம் பாடுவது போல ஆகிவிடுகிறது. 'புலால்' என்றதும் மறுப்பதற்கு வள்ளுவர் வந்துவிடுவார். 'மாமிசம்', விரதம் இருக்கச் சொல்லும் ஜோசியரின் வாயிலிருந்து வரும் சொல். கடைசியில் 'இரை' என்று போட்டேன். 'அவள் யாருக்கும் இரையல்ல.' கம்பீரமாகத்தான் இருந்தது. மேடையில் சொன்னால் கைத்தட்டல் நிச்சயம்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பழைய எஸ்.எஸ்.எல்.சி. எதை வாசித்தாலும் பருப்பில் கல் பொறுக்குவது போலத்தான் கேட்பாள்.

"எரையா? எரைன்னா கோழிக்குப் போடுறதுல்லா. இல்லன்னா தூண்டில்ல மாட்டுற புழு. அவ என்ன புழுவா? கறின்னு போடு. கடையில தொங்குதுல்லா, அது."

'அவள் யாருக்கும் கறியில்லை.' எழுதிப் பார்த்ததும் சட்டென்று பச்சை வாடை அடித்தது. கார்ட்டருக்கு வேண்டியிருந்ததும் அந்த வாடைதான் என்று தோன்றியது. ஆசிரியருக்கு அனுப்பினேன். "எங்க வீட்ல கறின்னா வாழைக்காய்க் கறிங்க" என்று தொலைபேசியில் சிரித்தார். அப்புறம் இரண்டு மாதம் கழித்து, பாட்டியைத் தின்றவனோடு பேத்தி படுத்துக்கொள்வதை நம் வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். தாள்கள் இழுப்பறைக்குள் போயின. நான் இந்த அம்மாளை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். நாவல்கள், பத்திரிகைக் கட்டுரைகள், 2016இல் எட்மண்ட் கார்டன் எழுதிய தடிமனான வாழ்க்கை வரலாறு. படிக்கப் படிக்க ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் யாரோ யாரையோ தின்றுகொண்டிருக்கிறார்கள், இல்லையென்றால் யாரோ ஒருத்தி சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள்.

அவருடைய சொந்தக் கதையே அங்கேதான் தொடங்குகிறது. 1940 மே 7 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் ஈஸ்ட்போர்ன் நகரத்தில் பிறந்தார். பிறந்தபோது பெயர் ஏஞ்சலா ஆலிவ் ஸ்டாக்கர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், லண்டனில் செய்தி நிறுவனத்தில் இரவு வேலை பார்த்த பத்திரிகையாளர். அம்மா, கல்யாணத்துக்கு முன் செல்ஃப்ரிட்ஜஸ் பெருங்கடையில் காசாளர். போர்க்கால குண்டுவீச்சுக்குப் பயந்து குழந்தையை யார்க்‌ஷயரில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே இருந்த ஓர் ஊருக்குப் பாட்டியோடு அனுப்பினார்கள். தாய்வழிப் பாட்டி, கடும் வாய், கடும் வைராக்கியம். கார்ட்டரின் கதைகளில் வரும் பயங்கரக் கிழவிகளுக்கெல்லாம் அந்தப் பாட்டியின் சாயல் உண்டு என்று நினைக்கிறேன்.

போர் முடிந்து லண்டனின் தென்பகுதியில் இருக்கும் பால்ஹாமுக்குத் திரும்பிய பிறகு அம்மாவின் முழுப் பிடி. அண்ணனுக்கும் இவருக்கும் பதினோரு வயது வித்தியாசம், அதனால் வீட்டில் ஒற்றைக் குழந்தை மாதிரிதான். அப்பா வேலை முடிந்து வர நள்ளிரவு தாண்டும். அதுவரை அம்மாவுக்குத் துணையாகக் குழந்தையும் விழித்திருக்க வேண்டும். சாக்லேட்டும் ஐஸ்கிரீமுமாக ஊட்டினார் அம்மா. பெண் உருண்டு திரண்டு வளர்ந்தாள். பெரிய பெண்ணான பிறகும் குளியலறைக் கதவைச் சாத்த விடவில்லை. இதை வாசிக்கும் நம் ஊர்ப் பெண்கள் சிலருக்குச் சொந்த வீட்டுக் கதவு ஞாபகம் வரலாம், எனக்கு வந்தது. பதினேழு பதினெட்டு வயதில் ஏஞ்சலா பட்டினி கிடக்க ஆரம்பித்தார். சில மாதங்களில் எடை சரசரவென்று இறங்கியது. கறுப்பு உடைகள், சிகரெட், கெட்ட வார்த்தைகள் எல்லாம் கூடவே வந்தன.

ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கலாம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். நல்லது, நாங்களும் அங்கேயே வீடு எடுத்து வந்துவிடுகிறோம் என்றார் அம்மா. ஏஞ்சலா அன்றோடு ஆக்ஸ்ஃபோர்டைக் கைகழுவினார். அப்பாவின் சிபாரிசில் குராய்டன் நகரத்து வாரப் பத்திரிகையில் நிருபர் வேலை. வீட்டை விட்டு வெளியேற ஒரே வழி என்று இருபது வயதில், 1960இல், கல்யாணம். மாப்பிள்ளை பால் கார்ட்டர், வேதியியல் படித்தவர், நாட்டார் பாடல்களில் பைத்தியம். ஒரு பூட்டிய அறையிலிருந்து இன்னொரு பூட்டிய அறைக்கு ஓடினேன் என்று பிற்பாடு அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். கணவர் அவ்வப்போது கடும் மனச்சோர்வில் விழுவார், நாள் கணக்கில் பேசமாட்டார். இவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தார், குறிப்பாக இடைக்கால இலக்கியம். முதல் நாவல் 1966இல் வந்தது. அடுத்த வருஷம் 'தி மேஜிக் டாய்ஷாப்'.

கார்ட்டரை முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்கு நான் கொடுப்பது இந்த மாயப் பொம்மைக்கடையைத்தான். பதினைந்து வயது மெலனி ஒரு ராத்திரி அம்மாவின் கல்யாண உடையைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய், ஆப்பிள் மரத்தில் ஏறி, உடையைக் கிழித்துவிடுகிறாள். மறுநாள் தந்தி வருகிறது, வெளிநாடு போன அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள் என்று. தம்பி தங்கையோடு லண்டனில் மாமா வீட்டுக்கு வருகிறாள். பிலிப் மாமா பொம்மை செய்கிறவர். வீட்டில் உள்ளவர்களையும் பொம்மைகளாகவே வைத்திருப்பவர். அவர் மனைவி மார்கரெட் கல்யாணத்தன்றே ஊமையாகிவிட்டவள். அவளுக்கு மாமா தன் கையால் ஒரு வெள்ளிக் கழுத்துப்பட்டை செய்துகொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை அவள் போட்டுக்கொண்டாக வேண்டும். அந்த இறுக்கத்தில் சோறு இறங்காது. அவள் ஒவ்வொரு வாய்க்கும் தவித்துக்கொண்டிருக்க, மாமா எதிரே உட்கார்ந்து தட்டை மேலும் மேலும் நிரப்பித் தின்கிறார், அந்தத் தவிப்பே தொட்டுக்கொள்ள ஒரு பதார்த்தம் என்பது போல. குடும்ப வன்முறை பற்றி நான் படித்ததில் இவ்வளவு சத்தமில்லாத, இவ்வளவு கொடூரமான காட்சி குறைவு. ஒரு அடி விழவில்லை. நகைதான் போட்டுவிட்டிருக்கிறான்.

மூன்றாவது நாவலுக்கு 1969இல் சாமர்செட் மாம் விருது கிடைத்தது. ஐந்நூறு பவுண்டு, இளம் எழுத்தாளர்கள் வெளிநாடு போய் உலகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுத்தாளர் மாம் வைத்த பணம். கார்ட்டர் பார்த்தார். கணவரோடு அமெரிக்கா வரை போய்விட்டு, அங்கிருந்து தனியாக ஜப்பானுக்கு விமானம் ஏறினார். கணவரை விட்டு ஓடுவதற்கு அந்தப் பணத்தைச் செலவழித்ததில் மாமுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும் என்பது அவர் கணக்கு. டோக்கியோ விமான நிலையத்தில் கல்யாண மோதிரத்தைக் கழற்றி ஒரு சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்த வருஷக் கடைசியிலேயே அம்மா இறந்துபோனார். இரண்டு பூட்டிய அறைகளும் ஆறு மாதத்துக்குள் காலியாகிவிட்டன.

ஜப்பானில் ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தார். தன்னைவிட வயதில் சிறிய ஜப்பானியர் ஒருவரோடு காதல், அது முறிந்தது. வானொலியில் சில்லறை வேலை, டோக்கியோவின் கின்சா பகுதியில் ஒரு மதுக்கூடத்தில் வாடிக்கையாளர்களுக்குச் சிரித்து ஊற்றிக்கொடுக்கும் வேலை. அந்த மதுக்கூடத்தில் பணியாற்றியதை லண்டனின் 'நியூ சொசைட்டி' வார இதழுக்குக் கட்டுரையாக எழுதினார். ஆண்கள் காசு கொடுத்து எதை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குறிப்பெடுத்த கட்டுரை. ஜப்பானில்தான் பெண்ணாக இருப்பது என்றால் என்னவென்று கற்றுக்கொண்டேன், தீவிரமானவளாகவும் ஆனேன் என்று பிறகு எழுதினார். உயரமான, பெரிய எலும்புள்ள வெள்ளைக்காரி. அந்த அனுபவத்திலிருந்து எழுதிய கதை ஒன்றில், ஆண்கள் செருப்பில் இருப்பதிலேயே பெரிய அளவுதான் தன் காலுக்குப் பொருந்தியது என்கிறாள் கதைசொல்லி. துணிக்கடையில் 'அழகான இளம்பெண்களுக்கு மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த உடைகளுக்கு முன்னால் ராட்சசி மாதிரி நின்றாள். தனக்குள் இருந்து பார்த்தால் சாதாரண மனுஷி, வெளியே இருந்து பார்த்தால் விசித்திர மிருகம். இந்த இடைவெளியில் பெண் என்பதே ஏதோ வேஷம் கட்டுவது போல இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த வேஷத்தைக் கழற்றிப் பார்ப்பதுதான் அதற்குப் பிறகு அவருக்கு வேலையாகவே ஆனது.

ஜப்பானுக்குப் பின் வந்த சில நாவல்கள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972இல் வந்த டாக்டர் ஹாஃப்மன் நாவலை இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் பாதியில் வைத்தேன். கார்ட்டரின் உரைநடை எங்கள் ஊர் அல்வா, நெய் வழிகிறது. கொஞ்சம் எடுத்து வாயில் போட்டால் சொர்க்கம். முந்நூறு பக்கத்துக்கு அதுவே இலையில் விழுந்தால் ஒரு பச்சை மிளகாய்க்கு மனசு ஏங்கும். விமரிசகர்களும் அப்போது அவரைக் கைவிட்டார்கள். புத்தகம் விற்கவில்லை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது, காசில்லை.

அப்புறம் 1979. ஒரே வருஷத்தில் இரண்டு சின்னப் புத்தகங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஏஞ்சலா கார்ட்டர் ஏன் அத்தனை பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார் என்று விளங்கும்.

முதலாவது 'தி சேடியன் வுமன்'. பெண்களின் எழுத்துக்கென்று கார்மன் கலீல் 1973இல் லண்டனில் தொடங்கிய விராகோ பதிப்பகம், ஆரம்ப காலத்திலேயே கேட்டு வாங்கிய புத்தகம். பெண்ணியப் பதிப்பகத்துக்கு அவர் கொண்டுபோய்க் கொடுத்தது என்ன தெரியுமா? பதினெட்டாம் நூற்றாண்டில் பெண்களைச் சித்திரவதை செய்வதையே பக்கம் பக்கமாக எழுதிய பிரெஞ்சுப் பிரபு மார்க்கி த சாத் பற்றிய ஆய்வு. அந்த ஆளைத் திட்டுவதற்காக எழுதியதும் அல்ல. சாத் எழுதியதில் இரண்டு சகோதரிகள் வருகிறார்கள். ஜூஸ்தீன் நல்லவள், கற்பு, அடக்கம், பக்தி எல்லாம் உண்டு. அவளுக்குக் கிடைப்பதெல்லாம் அடி, வதை, கடைசியில் இடி விழுந்து சாவு. ஜூலியத் கெட்டவள், கொழிக்கிறாள். கார்ட்டர் பரிவோடு ஜூஸ்தீன் பக்கம் போய் நிற்கவில்லை. அவளுடைய நல்ல குணம் என்பதே ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான், அடி வாங்குவதைத் தவிர அவளுக்கு வேறு தொழில் தெரியாது என்கிறார். மர்லின் மன்ரோ வரைக்கும் அவளுடைய வாரிசுகள் நீள்கிறார்கள். ஜூலியத்தையும் அவர் முழுதாகத் தூக்கிப் பிடிக்கவில்லை; ஆண்களின் கொடுமையை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டவள் அவள். ஆனாலும் அவள் குறைந்தபட்சம் விழித்திருக்கிறாள்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில்தான் என் 'கறி' கிடந்தது. ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கும் மனிதச் சதைக்கு ஒரு சொல், செத்துத் தட்டுக்கு வரும் மிருகச் சதைக்கு வேறு சொல் என்று பிரித்து வைத்திருக்கிறோம் என்று தொடங்குகிறார். ஜெர்மன்காரர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதை நினைத்தால் உடம்பு நடுங்குகிறது என்கிறார். வலியவன் எளியவனைக் கறியாக்குகிறான் என்பதுதான் சாத் சொல்வது என்கிறார். நான் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவைத் தேடிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். "சொன்னேம்லா" என்றாள்.

இதே புத்தகத்தில் வரும் இன்னொரு அடி, நம் ஊரில் விழுந்திருந்தால் தாங்கியிருக்குமா என்று தெரியவில்லை. பெண்ணைத் தெய்வமாக்குவதும், கன்னியின் தூய்மை, தாயின் அரவணைப்பு என்று போற்றுவதும் வெறும் ஆறுதல் உளறல் என்கிறார். தந்தைக் கடவுள்கள் எவ்வளவு அபத்தமோ தாய்த் தெய்வங்களும் அவ்வளவு அபத்தம். கும்பிட்டுக் கும்பிட்டே காரியத்தை முடித்துவிடுகிறார்கள். கையில் ஒன்றும் தருவதில்லை. எழுபதுகளில் தாய்த் தெய்வங்களைத் தேடி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணியவாதிகளுக்கு எப்படி இருந்திருக்கும்? அமெரிக்காவில் ஆண்ட்ரியா ட்வொர்க்கின் இதைப் போலிப் பெண்ணியம் என்றே எழுதினார். ஆண்களைச் சீண்டுவது சுலபம், அதற்கு ஒரு கூட்டமே கைதட்டும். சொந்தக் கட்சியைச் சீண்டினால் நீங்கள் தனியாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

இரண்டாவது புத்தகம் 'தி பிளடி சேம்பர்', பத்துக் கதைகள். இதற்கு இரண்டு வருஷம் முன்னால் சார்ல்ஸ் பெரோவின் 1697ஆம் வருஷத்துப் பிரெஞ்சுத் தேவதைக் கதைகளை கார்ட்டர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். பெரோவின் சிவப்புக் குல்லாய்க் கதையில் வேட்டைக்காரன் வந்து காப்பாற்றுவதெல்லாம் கிடையாது. ஓநாய் தின்கிறது, கதை முடிந்தது. கீழே ஒரு நீதி, இளம்பெண்களே, இனிக்கப் பேசும் ஓநாய்களிடம் ஜாக்கிரதை என்று. அதை வரி வரியாக மொழிபெயர்த்த கைக்கு, அந்தக் கதைகளுக்குள் ஏற்கெனவே புழுங்கிக்கொண்டிருந்தது என்ன என்று தெரிந்துவிட்டது. குழந்தைகளுக்காகப் பூசிய சர்க்கரையைச் சுரண்டினால் போதும். பழைய குப்பியில் புது மதுவை ஊற்ற எனக்குச் சம்மதம்தான், அதுவும் புது மதுவின் அழுத்தத்தில் பழைய குப்பி வெடித்தால் ரொம்பச் சம்மதம் என்று பின்னால் ஒரு கட்டுரையில் சொன்னார். அகலிகையைப் புதுமைப்பித்தன் மறுபடி கல்லாக்கியபோது நம்மிடமும் ஒரு குப்பி வெடித்தது.

தலைப்புக் கதை, மனைவிகளைக் கொன்று அறையில் அடுக்கும் நீலத்தாடிக்காரன் கதை. ஏழைப் பெண் ஒருத்தி பணக்காரப் பிரபு ஒருவனைக் கட்டிக்கொண்டு கடல் நடுக் கோட்டைக்குப் போகிறாள். போகாதே என்ற அறையைத் திறக்கிறாள். அவன் வாளை ஓங்குகிறான். பழைய கதையில் அண்ணன்மார் வந்து காப்பாற்றுவார்கள். இங்கே வருவது அம்மா. அலை புரளும் பாதையில் குதிரையைப் பறக்கவிட்டு, செத்துப்போன கணவனின் பட்டாளத் துப்பாக்கியால் மாப்பிள்ளையின் தலையில் ஒரே குண்டு. இந்தோசீனாவில் இளம் வயதிலேயே ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட அம்மா அவள். மகளுக்கு ஆபத்து என்று எப்படித் தெரிந்தது? முந்தின நாள் மகள் தொலைபேசியில் அழுதாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, குளியலறைக் குழாய்கள் தங்கத்தில் இருக்கின்றன என்றாள். தங்கக் குழாயைப் பார்த்து யாராவது அழுவார்களா? அம்மா கிளம்பிவிட்டாள். குளியலறைக் கதவைச் சாத்த விடாத தன் அம்மாவை நினைத்துக்கொண்டு கார்ட்டர் இதை எழுதினாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். விழுங்கப் பார்த்த அம்மாவைக் காப்பாற்ற வரும் அம்மாவாகத் திருத்தி எழுதிக்கொண்டாரோ என்னவோ.

இன்னொரு கதை 'என் அப்பா என்னைச் சீட்டாட்டத்தில் மிருகத்திடம் தோற்றார்' என்று தொடங்குகிறது. பாஞ்சாலி கதை கேட்டு வளர்ந்த நமக்கு முதுகில் சில்லென்று ஓடும் வரி. அழகியும் மிருகமும் கதைதான், ஆனால் முடிவில் மிருகம் இளவரசன் ஆவதில்லை. புலி அவளை நக்குகிறது. ஒவ்வொரு நக்கலுக்கும் ஒரு தோல் உரிந்து, உள்ளே இருந்து பளபளக்கும் ரோமம் வெளிவருகிறது. பெண்ணும் புலியாகிறாள். ஆட்டுக்குட்டி புலிகளோடு ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

இங்கேதான் எதிர்ப்பும் நியாயமாக வருகிறது. ஓநாயோடு படுத்துக்கொள்வதும் புலியாக மாறுவதும் விடுதலையா, இல்லை பழைய ஆசைக்கே புதுச் சாயமா என்று கேட்டவர்கள் உண்டு. பழைய கதையின் சட்டத்துக்குள்ளேயே நின்று எழுதினால் அந்தச் சட்டம் உங்களையும் சேர்த்துக் கட்டிவிடும் என்று பாட்ரீஷியா டங்கர் எண்பதுகளிலேயே எழுதினார். எனக்கும் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. ஓநாய்க் கதையின் கடைசிப் பக்கத்தில் சிறுமி ஓநாயின் சட்டையை உருவி நெருப்பில் எறிகிறாள், அதன் தலையை மடியில் வைத்துப் பேன் பார்க்கிறாள், ஒருவேளை அந்தப் பேனையே வாயில் போட்டுத் தின்னவும் செய்வாள். கடைசியில் பாட்டியின் கட்டிலில் ஓநாயின் முன்னங்கால்களுக்கு நடுவே சுகமாகத் தூங்குகிறாள். கட்டிலுக்கடியில் பாட்டியின் எலும்புகள் கடகடவென்று ஆடுகின்றன. அவள் கவனிக்கவில்லை. இதை வாசித்தபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "எல்லாம் சரி. அந்தக் கிழவிக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். கார்ட்டரைப் பற்றி நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நேராக யாரும் வரவில்லை.

தின்னும் விஷயத்தில் அவர் தன்னுடைய நண்பர் வட்டாரத்தையும் விடவில்லை. 1985 ஜனவரியில் 'லண்டன் ரிவியூ ஆஃப் புக்ஸ்' இதழில் மூன்று சமையல் சார்ந்த புத்தகங்களுக்கு மதிப்புரை. ஒன்று இங்கிலாந்து நடுத்தர வர்க்கம் கும்பிட்டுக்கொண்டிருந்த எலிசபெத் டேவிட் எழுதியது. எத்தியோப்பியாவின் பஞ்சம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. கீரையின் பூர்விகத்தையும் வெண்ணெயின் பிறப்பிடத்தையும் நுணுக்கி நுணுக்கிப் பேசும் இந்தப் புது ரசிகர்களைப் பார்த்து, பன்றித்தனம் கொடி நாட்டிவிட்டது என்று எழுதினார். வாசகர் கடிதங்கள் குவிந்தன. மார்க்கி த சாத் பற்றி எழுதியதைக்கூட மன்னித்தவர்கள் ஆலிவ் எண்ணெயில் கை வைத்ததை மன்னிக்கவில்லை.

இதற்கு முந்தின வருஷம் வந்த 'நைட்ஸ் அட் தி சர்க்கஸ்' நாவலின் நாயகி ஃபெவர்ஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தவள். 1899, சர்க்கஸில் ஊஞ்சலாடும் ஆறடி இரண்டங்குலப் பெண்மணி, முதுகில் நிஜச் சிறகுகள் என்கிறாள், முட்டையிலிருந்து பொரிந்து வந்ததாகச் சாதிக்கிறாள். லண்டன் சேரித் தமாஷ் பேச்சு. விலாங்கு மீன் பணியாரத்தை அள்ளி அடைத்துக்கொள்வாள், ஏப்பம் விடுவாள். புளுகை அம்பலப்படுத்த வந்த நிருபன் அந்தப் பசியைப் பார்த்தே மிரண்டுபோகிறான். சாப்பிட விடாத கழுத்துப்பட்டை போட்ட மார்கரெட்டிலிருந்து இந்தப் பேருந்து மாதிரியான பெண்ணுக்கு வந்து சேர கார்ட்டருக்குப் பதினேழு வருஷம் ஆகியிருக்கிறது. நாவல் அவளுடைய சிரிப்பில் முடிகிறது. அந்தச் சிரிப்பு சைபீரியாவில் கிளம்பி உலகம் முழுக்கத் தொற்றுகிறது. ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசை ஜே.ஜி. பாலர்டோடு பகிர்ந்துகொண்டது. புக்கர் இறுதிப் பட்டியலில் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் அதே புக்கருக்கு நடுவராக உட்கார்ந்திருந்தவர் கார்ட்டர், அதுவும் நிறைமாதக் கர்ப்பிணியாக.

ஆமாம், நாற்பத்து மூன்றாம் வயதில் பிள்ளை பெற்றார். முன்பு பாத் நகரத்தில் குடியிருந்தபோது எதிர்வீட்டில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் மார்க் பியர்ஸ். குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியது, கூப்பிட்டார், வந்தவர் போகவில்லை. வயது வித்தியாசம் பதினைந்து வருஷம். வாழ்க்கையின் மிச்சம் முழுக்க இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். குழாய்களுக்கும் கார்ட்டருக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம்.

இடையில் ஷெஃபீல்ட், அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியா என்று வகுப்பெடுத்துச் சம்பாதித்தார். கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் அவரிடம் எழுதப் படித்தவர்களில் ஒருவர் கசுவோ இஷிகுரோ. எழுத்து வருமானம் மட்டும் கடைசிவரை சுமார்தான்.

1991இல் 'வைஸ் சில்ட்ரன்' வந்தது. பிரிக்ஸ்டனில் வசிக்கும் எழுபத்தைந்து வயது இரட்டைச் சகோதரிகள், பழைய ஆட்டக்காரிகள். ஷேக்ஸ்பியர் நாடகப் பெரும்புள்ளி ஒருவருக்கு முறைதவறிப் பிறந்தவர்கள். அப்பா அவர்களை வெகுகாலம் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காக அவர்கள் ஒரு பக்கம்கூட மூக்கைச் சிந்துவதில்லை. ஆடுவதும் பாடுவதும் என்ன ஆனந்தம் என்று முடிகிற நாவல். அந்த வசந்தத்திலேயே கார்ட்டருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்திருந்தது. அந்த வருஷம் புக்கர் இறுதிப் பட்டியலில் ஆறு பேர், ஆறு பேரும் ஆண்கள். அந்த எரிச்சலில் கூடிப் பேசியவர்கள் ஆரம்பித்ததுதான் பெண் நாவலாசிரியர்களுக்கான ஆரஞ்சு பரிசு; முதல் பரிசு 1996இல் கொடுக்கப்பட்டது. அதைப் பார்க்க கார்ட்டர் இல்லை. 1992 பிப்ரவரி 16 அன்று இறந்துபோனார், ஐம்பத்தோரு வயது.

இறந்த கையோடு அஞ்சலிகள் குவிந்தன. நண்பர் சல்மான் ருஷ்டி அவரை நல்ல மந்திரவாதி என்று எழுதினார். தேவதை, வெள்ளைச் சூனியக்காரி, கதை சொல்லும் ஞானப் பாட்டி என்று ஆளுக்கொரு முலாம் பூசினார்கள். நரைத்த நீளக் கூந்தலைச் சாயம் பூசாமல் விட்டது இதற்கு வசதியாகப் போயிற்று. கடைக்குப் போனால் புத்தகங்கள் தீர்ந்துபோயிருந்தன. கட்டுக்கதையை உடைப்பதுதான் என் தொழில் என்று எழுதியவரைத் தூக்கிக் கட்டுக்கதைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். உயிரோடு இருந்திருந்தால் நீண்ட நேரம் யோசித்து, இழுத்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பார்.

பிபிசி வானொலியில் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி ரொம்ப காலமாக ஓடுகிறது. ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டால் என்னென்ன பாட்டுகள் வேண்டும், கூட ஓர் ஆடம்பரப் பொருள் என்ன வேண்டும் என்று பிரபலங்களிடம் கேட்பார்கள். கார்ட்டரையும் அழைத்திருந்தார்கள். பட்டியல் போட்டு வைத்திருந்தார். பதிவு செய்வதற்குள் உடம்பு விடவில்லை. பிரிக்ஸ்டனில் ரிட்ஸி சினிமா கொட்டகையில் நடந்த நினைவுக் கூட்டத்தில் அந்தப் பாட்டுகளைப் போட்டார்கள். ஆடம்பரப் பொருளாக அவர் கேட்டிருந்தது ஒரு வரிக்குதிரை.

போன வாரம் இதை அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வரிக்குதிரையா? வளக்கவா, திங்கவா?"

தெரியவில்லை என்றேன். அவள் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "ரெண்டுக்கும் ஆகும்" என்றாள்.